சனிக்கிழமைச் சீட்டு

அந்த பேண்டேஜ் கம்பெனியில் ஐந்து தம்பதிகள் வேலை பார்த்தார்கள். சனிக்கிழமைதோறும் ஆண்கள் டப்பாவில் ஒரு சீட்டும், பெண்கள் டப்பாவில் ஒரு சீட்டும் எடுத்து, அந்த இருவருக்கு மட்டும் மறுநாள் லீவு.

இன்று கருத்தப்பாண்டியின் பெயர் வந்தது. பெண்களில் வந்தது அடுத்தவன் மனைவி தங்கபாய்.

“அஞ்சு வாரத்துக்கு ஒருக்காவாச்சும் புருசன் பொண்டாட்டி சேந்து வரணுமே, அண்ணாச்சி! ரெண்டு வருசமா ஒரு சோடிகூட வரல. இவள அய்யனார் கோவில் அருவிக்குக் கூட்டிட்டுப் போக எனக்குக் கொடுத்து வைக்கல. பொம்பளைக டப்பாவக் கவுத்துங்க!” என்று மனைவியைக் காட்டி, சீட்டு எடுத்த சூப்பர்வைசரிடம் கத்தினான் கருத்தப்பாண்டி.

சூப்பர்வைசர் கவிழ்த்தார். எடுத்தது போக நான்கு சீட்டு இருக்க வேண்டும், மூன்றுதான் விழுந்தன.

நான்காவதைக் கைக்குள்ளிருந்து நீட்டினாள் அவன் மனைவி சுடலையம்மாள்.

“ஆம்பளச் சீட்டத்தான முதல்ல வாசிக்கீக? யார் புருசன் பேரு வருதோ, அவ தன் சீட்ட எடுத்துருவா. நீங்க வீட்ல இருக்க அன்னைக்கு எங்களுக்கு என்ன லீவு?”