பயப்படாத விருந்தாளி

2006 பிப்ரவரி 26, ஞாயிறு, மாலை ஏழு மணி. சாரம் பகுதியில் காற்றே இல்லை. பறவைக்காய்ச்சல் பீதியில் மற்ற வாடிக்கையாளர்கள் விலகிவிட, அமுதவல்லியின் கோழிப்பண்ணைக்கு எஞ்சியது ஒரு கல்லூரி விடுதி மட்டுமே. அதன் மேலாளர் பாலகுருவை வீட்டுக்கு அழைத்து, பண்ணைக் கோழியையே ஓவனில் சுட்டுப் பரிமாறினாள்.

"பயப்படாம சாப்டுங்க சார். நானும் இதையேதான் சாப்புடுறேன்."

"எனக்கென்னம்மா பயம்? இன்னொரு தொடை வையி."

எலும்புவரை சுவைத்தார். "நல்லா வெந்துட்டா ஒண்ணும் ஆவாது. இதுக்குப் பயப்படுறவன் முட்டாள்மா."

அவளுக்கு உயிர் வந்தது. "அப்ப நாளைக்கு விடுதிக்குக் கோழி அனுப்பட்டுமா சார்?"

"மொதல்ல மீதியக் கட்டிக்குடும்மா. ஊட்ல பசங்க சாப்புடும்."

கட்டிக்கொடுத்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டவர், சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

பிரித்தாள். உள்ளிருந்த கடிதத்தில், விடுதிக்கு இனிக் கோழி வேண்டாம் என்ற முடிவின் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது; அருகில், முந்தைய நாளின் தேதி.