அடங்காத பீர்

“நீங்க காய்ச்சின பீரை பாட்டில்ல ஊத்தினதும் அறையைக் காலி பண்றேன்னீங்களே வில்ஃப்ரெட்! இந்தப் பீப்பாய் இன்னும் எத்தனை நாள் என் சமையலறையில உக்காந்திருக்கும்?” வீட்டுக்காரம்மா நோராவின் கத்தல் லீட்ஸ் நகரின் அந்தத் தெருவுக்கே கேட்டது.

“இன்னும் நொதிச்சுக் குமிழ் விடுது அம்மணி. இப்ப மூடினா பாட்டில் வெடிக்கும்,” என்றார் மாடியறை வாடகைக்காரர். குமிழ் நின்றதும் அவர் மகள் வீட்டுக்குக் குடிபோவதாக ஏற்பாடு.

“நல்ல சாக்கு!” என்று நொடித்த நோரா, அவர் வேலைக்குப் போனதும் பீப்பாயைத் திறந்து, வழக்கம்போல ஒரு கை சர்க்கரையைப் போட்டாள். சர்க்கரைத் தீனி கிடைக்கும்வரை நொதிக்கும் பீர் அடங்குமா என்ன?

சர்க்கரை டப்பாவை மூடும்போதுதான் உறைத்தது. தினமும் அள்ளியும் சர்க்கரை விளிம்புவரை இருக்கிறதே! அவள் வாங்கவில்லை. வீட்டில் இருப்பதோ இரண்டே தனிக்கட்டைகள்.

அந்தக் கோடையில் இருவருக்கும் கல்யாணம். வில்ஃப்ரெட் சொன்னபடியே மாடியறையைக் காலி செய்தார், கீழே நோராவின் அறைக்குக் குடிவந்தார்.