நேற்றைய பகுதி

வாசகப் பெருமக்களே, வாருங்கள்! ஓர் ஆடைத் தொழிற்சாலையின் உணவு மேசையில் நிகழ்ந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்!

குற்றத் தொடர்களில் கொலைகாரனை முதலில் கண்டுபிடிப்பவள் என்பதால், காலர் தைப்பவளுக்குத் "துப்பறியும் அக்கா" என்று பட்டப்பெயர். ஒரு பகுதியைத் தவறவிட்டேன் என்று சொல்வது அவளுக்கு மானக்கேடு.

"நேத்து பார்த்தீங்களாக்கா?" என்று தயங்கிக் கேட்டாள் பித்தான் தைப்பவள். "புருஷன் பால்ல என்னமோ கலக்கிறான். அவளுக்கு முடி கொட்டுது, கால் மரத்துப்போகுது. அவ என்னக்கா பண்ணணும்?"

முந்திய இரவு அக்கா சீக்கிரமே தூங்கிப்போயிருந்தாள். விட்டுக்கொடுப்பாளா?

"பார்க்காம இருப்பேனா! அவ ஒரு சந்தேகப் பேய்டி. போலீசுக்குப் போனா குடும்ப மானம்தான் போகும். வாயை மூடிக்கிட்டுக் குடிக்கட்டும். புருஷன் நல்லவன்னுதான் கடைசியில காட்டுவான், பாரேன்!"

"நாங்களும் பார்த்தோம், அவ கிறுக்கிதான்!" என்று மேசையே சிரித்தது. பித்தான் தைப்பவள் தலையாட்டிவிட்டு எழுந்துபோனாள்.

அடுத்த வாரம் அவள் இறந்தாள். பாலில் நஞ்சு கலந்த கணவனைக் காவலர்கள் இழுத்துச் சென்றார்கள்.

"போன வாரம் அவ சொன்னாளே, அந்தப் பகுதியில வந்த மாதிரியே நடந்துபோச்சே!" என்று அரற்றினாள் அக்கா.

மேற்பார்வையாளர் திகைத்தார். "எந்தப் பகுதிம்மா? அதுக்கு முந்தின ராத்திரி டிவியில கிரிக்கெட் போட்டாங்க. தொடரே வரலையே!"

"நாங்களும் பார்த்தோம்" என்றவர்கள் ஒவ்வொருவராகச் சாப்பாட்டு டப்பாவை மூடினார்கள்.

பெருமக்களே! உங்கள் அருகில் ஒருத்தி கதை சொல்கிறாளா? தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளுங்கள். அது யாருடைய கதை என்று இன்றே, இப்போதே கேளுங்கள்!