நானே கேட்டாலும்

இப்போதெல்லாம் யார் குரலில் வேண்டுமானாலும் யாரும் பேசலாம், இது அக்கா இல்லை. தங்கை தனக்குள் சொல்லிக்கொண்டே இஸ்திரிப்பெட்டியை அணைத்தாள்.

அக்கா இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. அவளுடைய போனை மனசு கேட்காமல் இவள்தான் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். சற்றுமுன் அதில் ஒரு ஓடிபி வந்தது. உடனே இவளுடைய போன் அடித்தது.

"ஏய் தூங்குமூஞ்சி, என் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். படிச்சுச் சொல்லுடி."

அக்கா பேங்கில் மோசடிப் புகார்களைப் பார்த்தவள். குரலைத் திருடி ஏமாற்றுகிறார்கள் என்று இருவருக்கும் ஓர் அடையாள வார்த்தை வைத்தாள். இரண்டு போன்களையும் பிரிட்ஜுக்குள் போட்டு மூடி, குழாயைத் திறந்துவிட்டு, இவள் காதோடு அதைச் சொன்னாள். இவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு அந்த வார்த்தையை இருவரும் எழுதியதுமில்லை, உச்சரித்ததுமில்லை.

"நம்ம வார்த்தையைச் சொல்லு, பாப்போம்," என்றாள் தங்கை போனில், பதில் வராது என்ற தைரியத்தில்.

"மூணுகால் நாற்காலி."

குரலுக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் சொல்லுடி. இதை விட்டா என்னால மறுபடி கூப்பிட முடியாது."

அன்று குழாயடியில் அக்கா இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: "நம்பரை மட்டும் யாருக்கும் குடுத்துடாதே. நானே கேட்டாலும்."

"மாட்டேன்க்கா," என்றாள் இவள், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.