கங்கம்மாவின் தையல் மெஷின் சின்னம்

சேலையூரில் காலை வெயில் எங்கள் வாசல்வரை வந்திருக்கிறது. போன வருஷம் இறந்துபோன என் மனைவி ஸ்ரீவித்யாவின் தையல் மெஷினை, ஜீவானந்தமும் கிரீஷும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து லோடு ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் நர்ஸ் கங்கம்மாவுக்குக் கிடைத்த சின்னம் அது. இந்த வாரம் ஓட்டு. தெருவில் பாதிப் பேருக்குச் சின்னமே தெரியாது. தூக்குகிற இருவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். வார்டுக்காவது லஞ்சத்துக்குக் கை நீட்டாத ஆள் வரட்டும் என்று சேர்ந்திருக்கிறார்கள். மெஷின் ஆடாமலிருக்கத் தோளில் கிடந்த கட்சித் துண்டுகளை மடித்து அடியில் வைக்கிறார்கள். "உங்க துண்டு கீழ, எங்களுது மேல," என்கிறான் ஜீவானந்தம். "எதுவா இருந்தாலும் மெஷினுக்குக் கீழதான் மச்சான்," என்கிறான் கிரீஷ். கங்கம்மா சிரித்துக்கொண்டே ஏறி உட்காருகிறார். ஊசியில் ஸ்ரீவித்யா கோத்த நீல நூல் அப்படியே இருக்கிறது. "நூல் சிக்கும் தம்பி, எடுத்துடட்டுமா?" என்று என்னைக் கேட்கிறார். "இருக்கட்டும்க்கா. மிதிங்க." என் கைக்குட்டையை ஊசிக்கு அடியில் வைக்கிறேன். சக்கரம் முதலில் முனகுகிறது, பிறகு கடகடவென்று ஓடுகிறது. அவள் போனபின் கேட்காத சத்தம். கைக்குட்டையில் நீலக் கோடு ஒன்று நீள்கிறது. எதிர்வீட்டு ரமா மாமி ஜன்னலைத் திறந்து, "ஓ, மெஷின்தானா உங்க சின்னம்?" என்கிறார். கங்கம்மா கை கூப்புகிறார். சக்கரத்துக்கு இன்னும் எண்ணெய் வேண்டும். உள்ளே போய் ஸ்ரீவித்யாவின் எண்ணெய்க் குப்பியை எடுத்து வருகிறேன். ஆட்டோ கிளம்புகிறது. நானும் பின்னால் ஏறிக்கொள்கிறேன்.