ராணியின் அறை

"அவளை மாத்துங்கோ அண்ணை. இல்லாட்டி நாளைக்கு முருங்கனில நான் மேடையேற மாட்டன்," என்றான் சாந்தரூபன், ராசா மீசையை ஒட்டிக்கொண்டே.

இயக்குநர் இராசேந்திரம் தலையைச் சொறிந்தார். மன்னார்க் கரையெல்லாம் ஊர் ஊராகப் போகிற இசை நாடகம். ராசா இல்லாமல் ஓர் ஊருக்கும் போக முடியாது. ஆனால் அவன் மாற்றச் சொல்வது ஜெனிஸ்ராவை. மேடைக்கு முன்னால், கீழே, வாத்தியக்காரரோடு இருந்து ட்ரம் அடிக்கிற பிள்ளை. புடைவைக் கடை வேலையை விட்டுவிட்டு வந்தவள்.

சிக்கல் ஒரேயொரு அறையில். மூன்றாம் காட்சியில் ராணி சுபாஜினி ராசாவைக் கன்னத்தில் அறைவாள். கை கன்னத்தில் படாது. கீழே ஜெனிஸ்ரா இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்துத் தட்டினால் 'பளார்' என்று கேட்கும்.

முந்தைய ஊரான அடம்பனில் அந்தப் பளார் பிந்திவிட்டது. ராசா தலையைத் திருப்பி, அழுது, வசனத்தையும் தொடங்கிய பிறகுதான் வந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"கீழ இருந்து பாத்தால் ராணியின்ர கை வடிவாத் தெரியுதில்லை, அண்ணை," என்றாள் ஜெனிஸ்ரா.

"கண் தெரியாததுகளைக் கொட்ட விட்டால் இப்பிடித்தான். இந்த ராணிக்கும் கை வீசத் தெரியாது. மாடு கலைக்கிற மாதிரி வீசுறா," என்றான் சாந்தரூபன்.

சுபாஜினி கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தாள்.

"பிள்ளை, இண்டைக்கும் பிந்திச்சுதெண்டால் நீ வீட்டை போக வேண்டியதுதான்," என்றார் இராசேந்திரம். ஜெனிஸ்ரா தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினாள்.

அன்றிரவு பேசாலை மண்டபத்தில் கதிரை போதாமல் சனம் நின்றுகொண்டு பார்த்தது. மூன்றாம் காட்சி வந்ததும் இராசேந்திரம் திரை ஓரத்தில் நின்று அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தார். ராணியின் கை உயர்ந்தது.

பளார்.

மயிரிழையும் பிசகவில்லை. கடைசி வரிசைவரை கேட்டது. அழுத குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது.

சாந்தரூபனின் கண்கள் குளமாகின. உதடு துடித்தது, வசனம் வரச் சற்று நேரம் பிடித்தது. 'இந்த நடிப்பை இவன் இவ்வளவு நாளும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தவன்?' என்று இராசேந்திரம் பூரித்துப்போனார். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது.

நாடகம் முடிந்ததும் ராசா ஒரு குறையும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தான். ராணி பாட்டொன்றை முணுமுணுத்தபடி தலைமுடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

இராசேந்திரம் துள்ளாத குறையாகக் கீழே இறங்கினார். ஜெனிஸ்ரா பையைக் கட்டி முடித்து, தலையைக் குனிந்தபடி நின்றாள்.

"என்ன பிள்ளை, எங்கை போகப் போறாய்? அவன் வாயடைச்சுப் போனான். நாளைக்கு முருங்கனிலயும் இதே மாதிரி அடிக்கோணும், சரியே?"

ஜெனிஸ்ரா மெல்ல நிமிர்ந்தாள்.

"பலகை மைக் வயருக்குள்ள சிக்கிட்டுது, அண்ணை. நான் அடிக்கவேயில்லை."