நிம்மதிக்குச் சேர்த்த பணம்

முதியோர் இல்லத்தின் மாடி அறையை நிர்வாகியம்மா திறந்து காட்டினார். கைத்தடியை ஊன்றியபடி அப்பா முதலில் நுழைந்தார். பின்னால் பெட்டியோடு மகன்.

"காலையில காப்பி எத்தனை மணிக்கு?" என்று மகன் கேட்டார்.

"ஆறு மணிக்கு ரூமுக்கே வந்துடும் சார்."

"ராத்திரி ஏதாவதுன்னா?"

"பெல் அடிச்சா நர்ஸ் ஓடி வருவாங்க. கவலையே படாதீங்க, அப்பாவைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறோம்."

அப்பா மெத்தையை அழுத்திப் பார்த்தார். "ரூம் பிரமாதம். முடிச்சுடலாம்" என்று தன் சட்டைப்பையிலிருந்து செக்கை எடுத்து நீட்டினார்.

நிர்வாகியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "உங்க பணத்தையா கட்டறீங்க, ஐயா?"

"கடைசிக் காலத்துல நிம்மதியா இருக்கணும்னுதானேம்மா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேத்தேன்!"

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்றவரைக் கொண்டுவந்து தள்ளிவிட்டு அழுகை வேறா என்று நிர்வாகியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, நான் கிளம்பறேன்" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்க வருவீங்கல்லப்பா?" என்றார் மகன்.

நிர்வாகியம்மா திருதிருவென்று விழித்தார்.

"ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ராஜா மாதிரி இருந்தேம்மா" என்றார் அப்பா. "போன மாசம் இவனும் ரிட்டயர் ஆனான். கல்யாணமும் பண்ணிக்கல, காசும் சேத்து வெக்கல. நாள் முழுக்க என் ஈசி சேர்லதான் உக்காந்திருக்கான். நான் பல் தேய்ச்சுட்டு வர்றதுக்குள்ள குறுக்கெழுத்தையும் போட்டு முடிச்சுடறான்."

பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை பேப்பர் ரொம்பப் பெருசுடா. படிச்சு முடிச்சா வரேன்."